யுக்தி யாருக்குச் சொந்தம்?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கல்வியைப் பற்றி ஏதாவது பேச வேண்டும் என்று இந்த வாசகசாலைத் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். கல்வி என்றவுடன் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வாத்தியார், எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்குப் படிப்பதுதான் மேடை வழக்கம். அந்தக் கணக்கை நாம் இன்று தொடப் போவதில்லை. ஒரு மனிதனுக்குத் திடீரென்று ஒரு புது யுக்தி தோன்றுகிறதே, அது எங்கிருந்து வருகிறது, அதை இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா முடியாதா என்கிற ஒரே சங்கதியைத்தான் எடுத்துக் கொண்டிருக்கிறோம். இந்தச் சங்கதியைத் தம் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக் கொண்ட இஞ்சினீயர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஜான் ஆர்னால்டு என்று பெயர். அவரிடம் போவதற்கு முன், இந்தக் கேள்விக்கு நம் ஊரில் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து விடுவோம்.

கவி காளமேகத்தின் கதை உங்களுக்குத் தெரியும். மடைப்பள்ளியில் வேலை பார்த்த ஒருவன் திருவானைக்கா கோயிலில் படுத்துத் தூங்கினானாம். அம்பாள் வந்து தன் வாயிலிருந்த தாம்பூலத்தை அவன் வாயில் துப்பினாளாம். விழித்தவுடன் மழையாகக் கவி பொழிந்தானாம். காளிதாசன் கதையும் இதே தினுசுதான். உட்கார்ந்த கிளையையே வெட்டின மூடனுக்குக் காளி நாக்கில் எழுதினாள், மகாகவி ஆகிவிட்டான் என்கிறார்கள். தோழர்களே, இந்தக் கதைகள் யாரைப் பெருமைப்படுத்துகின்றன என்று யோசித்துப் பாருங்கள். அம்பாளையும் காளியையும் பெருமைப்படுத்துகின்றன. காளமேகம் எத்தனை ராத்திரி கண் விழித்துத் தமிழ் படித்தானோ, எத்தனை பாட்டைக் கட்டிக் கட்டிக் கலைத்தானோ, அந்தப் பாடெல்லாம் ஒரு வெற்றிலை எச்சிலின் கணக்கில் வரவு வைக்கப்பட்டு விட்டது. அவன் பட்ட பாட்டைத் திருடிக் கொண்டதோடு நின்றதா? கேட்கிறவனுக்கும் ஒரு செய்தி சொல்லி விட்டார்கள். "உன் வாயில் எவளும் துப்பவில்லை, ஆகையால் நீ முயற்சி செய்யாதே" என்பதுதான் அந்தச் செய்தி.

இந்தப் பைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று எண்ண வேண்டாம. பழைய கிரேக்கர்கள் கவிக்கும் கலைக்கும் ஒன்பது பெண் தெய்வங்களை வைத்திருந்தார்கள். அபாரமான அறிவுக்கு ஐரோப்பியர் ஜீனியஸ் என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கே ஆதியில் ஒரு மனிதனோடு கூடப் பிறந்த காவல் தேவதை என்றுதான் அர்த்தம். தேவதை போன பிறகும் அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. அது "பிறவி மேதை" என்று வேறு சட்டை போட்டுக் கொண்டது. இவ்வளவு படித்த மனோதத்துவக்காரர்களாவது இதை ஆராய்ந்தார்களா என்றால் அதுவுமில்லை. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் தலைமையுரையில் கில்போர்டு என்ற பேராசிரியர் ஒரு கணக்குச் சொன்னார். 23 ஆண்டுகளில் வெளிவந்த மனோதத்துவ எழுத்துகள் சுமார் 1,21,000 என்றும், அவற்றில் புதிதாகச் சிந்திக்கும் சக்தியைப் பற்றியவை 186 தான் என்றும் சொன்னார். பெயருக்குக்கூட ஆயிரத்துக்கு இரண்டு தேறவில்லை. பிறவிச் சங்கதி, தேவதைச் சங்கதி என்று தீர்மானித்து விட்டால் பிறகு ஆராய்ச்சி எதற்கு?

ஆர்னால்டு 1913-இல் பிறந்தவர். மின்னசோட்டா சர்வகலாசாலையில் 1934-இல் பட்டம் வாங்கினார். அது இஞ்சினீயர் பட்டமல்ல, மனோதத்துவப் பட்டம். பிறகுதான் யந்திரத்தின் பக்கம் வந்து, எம்.ஐ.டி. என்று பேர் பெற்ற மசாசூசெட்ஸ் கலாசாலையில் 1940-இல் யந்திர இஞ்சினீயரிங்கில் மேல்பட்டம் பெற்று, அங்கேயே வாத்தியாராகவும் ஆனார். யந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மனம் எப்படி ஓடுகிறது என்று படித்தவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே தலையில் சேர்ந்ததுதான் இவரிடத்தில் விசேஷம்.

அவர் சொன்னது என்னவென்றால், கணக்கு இரண்டு வகைப்படும். ஒன்று, ஒரே ஒரு சரியான விடை உள்ளது. இந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டால் அதற்கு ஒரு விடைதான். மற்றொன்று, பல விடைகள் உள்ளது. ஆற்றைக் கடக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் பாலம் ஒரு விடை, ஓடம் ஒரு விடை, கம்பியில் தொட்டில் கட்டி இழுப்பது ஒரு விடை, கடக்கவே தேவையில்லாதபடி சந்தையை இக்கரைக்குக் கொண்டு வருவதும் ஒரு விடை. (இந்த ஆற்று உதாரணம் நம்முடையது, அவருடையதல்ல.) கலாசாலைகள் முதல் வகைக் கணக்கையே போட்டுப் போட்டுப் பழக்குகின்றன. ஆனால் பையன் வெளியே வந்து பார்க்கப் போகிற வேலையெல்லாம் இரண்டாவது வகை. ஒரு சாமானை யாருக்காக, எந்த உருவத்தில், எப்படிச் செய்வது என்று யோசித்துத் திட்டம் போடுகிற வேலைக்கு டிசைன் என்று பெயர். அதைப் பாடமாக வைத்துச் சொல்லிக் கொடுக்க முடியும் என்றார் ஆர்னால்டு. புதிது புனையும் சக்தி ஏதோ நாலு பேருக்கு அருளப்பட்ட வரமல்ல, எல்லோரிடத்திலும் கூடக் குறைய இருப்பது, பழக்கினால் வளரும், அடைத்து வைத்தால் சாம்பும் என்றார்.

சொல்லுவது யாருக்கும் சுலபம். அவர் செய்து காட்டிய காரியத்தைக் கேளுங்கள். 1950-களின் தொடக்கத்தில் அவர் தம் மாணாக்கர்களுக்கு ஒரு விபரீதமான பாடம் வைத்தார். ஆர்க்டூரஸ் என்று ஒரு நட்சத்திரம் இருக்கிறது. நம்மவர்கள் சுவாதி என்கிறார்களே, அதுதான். அந்த நட்சத்திரத்தை நாலாவது கிரகம் ஒன்று சுற்றி வருவதாக வைத்துக் கொள்ளுங்கள், இது 2951-ஆம் ஆண்டு என்று வைத்துக் கொள்ளுங்கள் என்றார். அங்கே காற்று முழுவதும் மீதேன் வாயு. சகிக்க முடியாத குளிர். பூமியைவிடப் பல மடங்கு இழுக்கும் ஈர்ப்பு. அதில் வாழும் ஜீவன்கள் பறவை மாதிரி முட்டையிலிருந்து பொரிந்து வருகிறவை. மெலிந்த எலும்பு, நீண்ட கை, கைக்கு மூன்று விரல். கண்ணும் மூன்று. எதைச் செய்தாலும் மெதுவாகத்தான் செய்யும். பூமியிலுள்ள ஒரு வியாபாரக் கம்பெனி இந்த ஜீவன்களுக்குச் சாமான் செய்து விற்கப் போகிறது. நீங்கள் அந்தக் கம்பெனியின் இஞ்சினீயர்கள். அவர்களுக்கு ஒரு வண்டி செய்யுங்கள், வீட்டுச் சாமான் செய்யுங்கள், வேலைக் கருவி செய்யுங்கள் என்று சொல்லி, அந்தக் கம்பெனி எழுதுவது போலவே கடிதங்களையும் அறிக்கைகளையும் தாமே தயாரித்துக் கொடுத்தார்.

முதலில் கேட்டவர்கள் சிரித்தார்கள். பேர் பெற்ற கலாசாலையில் பேயும் பூதமுமா பாடம் என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் இதிலுள்ள சூட்சுமம் என்ன? பூமியிலுள்ள மனிதனுக்கு ஒரு நாற்காலி செய் என்றால் பையன் என்ன செய்வான்? தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் வளைவு வைத்துக் கொண்டு வருவான். மூன்று விரலும் சுள்ளி எலும்பும் உள்ள ஒரு பறவைக்குச் செய் என்றால் பார்த்து எழுத அங்கே நாற்காலி கிடையாது. இது உட்காருமா நிற்குமா என்பதிலிருந்து கேட்டாக வேண்டும். பிடியைப் பிடிக்கக் கட்டை விரல் உண்டா என்று கேட்டாக வேண்டும். "எப்போதும் இப்படித்தான் செய்வது" என்று சொல்ல அங்கே "எப்போதும்" என்பதே கிடையாது. முட்டையிலிருந்து பிறந்த ஜீவனுக்கு முட்டை வடிவத்துக்குள் இருந்தால்தான் பத்திரமாகத் தோன்றும் என்று யோசித்து, முட்டை வடிவத்திலேயே ஒரு மோட்டார் வண்டிக்குத் திட்டம் போட்டார்கள். ஓட்டுகிறவன் மந்தமானவன், ஆதலால் வண்டியும் மெதுவாகவே போகட்டும் என்று வைத்தார்கள். 1955-இல் லைப் பத்திரிகை இதைப் படத்தோடு போட்டது.

இதற்கும் புராணத்துக்கும் என்ன வித்தியாசம், அதிலும் மூன்று கண், இதிலும் மூன்று கண் தானே என்று நம்மைக் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். புராணக்காரன் மூன்று கண்ணைச் சொல்லி விட்டு, நம்பு, கும்பிடு, உண்டியில் போடு என்கிறான். ஆர்னால்டு மூன்று கண்ணைச் சொல்லி விட்டு, இது பொய், நானே கட்டினது, இதை வைத்துக் கொண்டு கணக்குப் போடு, ஈர்ப்பு இவ்வளவு என்றால் அச்சு எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று சொல் என்றார்.

1957-இல் அவர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே யந்திர இஞ்சினீயரிங்குக்கும் வியாபார நிர்வாகத்துக்கும் சேர்த்துப் பேராசிரியர் ஆனார். முன்னே சொன்ன கில்போர்டையும், மாஸ்லோ என்கிற மனோதத்துவ அறிஞரையும் சேர்த்துக் கொண்டு 1959-இல் ஒரு வகுப்பு நடத்தினார். அந்த உரைகளில் யுக்தியை அடைத்து வைத்திருக்கும் தடைகள் இன்னவை என்று பிரித்துக் காட்டினார். கண்ணின் தடை, வழக்கத்தின் தடை, உள்ளத்தின் தடை என்று நாம் தமிழில் சொல்லிக் கொள்ளலாம். இந்த இடம்தான் நமக்கு மிகவும் வேண்டிய இடம்.

கண்ணின் தடை என்பது கண் குருடாவதல்ல, பார்த்துப் பழகினதையே பார்ப்பது. இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், ஆட்டுக்கல்லே போதும். ஆட்டுக்கல்லில் கல் அசையாது கிடக்கும், பெண்பிள்ளை குழவியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப் போவாள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பார்வை அது. 1955-இல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் மாவரைக்கும் யந்திரம் செய்தார். இந்த யந்திரங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழவி இருந்த இடத்தில் நிற்கிறது, கல் சுற்றுகிறது! சுற்ற வேண்டியது குழவிதான் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. கண்தான் சொல்லிக் கொண்டிருந்தது.

வழக்கத்தின் தடைக்கு ஆர்னால்டுக்குப் பின் ஸ்டான்போர்டில் வாத்தியாராயிருந்த ஜேம்ஸ் ஆடம்ஸ் என்ற இஞ்சினீயர் தம் 1974-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு விடுகதை வைத்தார். தரையில் காரை போட்டுப் பதித்த ஒரு இரும்புக் குழாய். அதன் அடியில் ஒரு பிங்பாங் பந்து. குழாய் பந்தைவிட மயிரிழைதான் பெரிது. அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கொஞ்சம் கயிறு, சுத்தி, உளி, அரம், கம்பி, பல்பு முதலிய சில்லறைச் சாமான்கள் இருக்கின்றன. பந்தும் குழாயும் தரையும் கெடாமல் பந்தை எடுக்க வேண்டும். படித்தவர்கள் கம்பியை அராவி இடுக்கி செய்யலாமா, கயிற்றைப் பிரித்துச் சுருக்குப் போடலாமா என்று மண்டையை உடைத்துக் கொள்ளுவார்கள். தண்ணீர் இருந்தால் ஊற்றி மிதக்க விடலாமே, தண்ணீர் இல்லையே என்று வருந்துவார்கள். ஆறு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னோமே, தோழர்களே, ஆறு பேரிடத்திலும் தண்ணீர் இல்லையா? (பெருஞ் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். சிறு பிள்ளையைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருக்கும். பெரியவர்களுக்கு விடை தெரியாமலில்லை. அந்த விடை நினைவுக்கு வருவதற்கு முன்பே "சீ" என்று ஒரு காவற்காரன் உள்ளேயிருந்து விரட்டி விடுகிறான். அந்தக் காவற்காரனை வைத்தது யார்? சமூகம் வைத்தது.

ஒரு பந்துக்கே இப்படியென்றால், தீட்டு என்றும் ஆசாரம் என்றும் ஜாதி முறை என்றும் தலைக்குள் ஒரு பட்டாளத்தையே நிறுத்தி வைத்திருக்கிறவனுக்கு எத்தனை விடைகள் வாசலிலேயே விரட்டப்படும்! வீட்டிலிருக்கும் விளக்குமாற்றைப் பாருங்கள். பெண்கள் இடுப்பு ஒடியக் குனிந்து பெருக்குகிறார்கள். இரண்டு முழக் கம்பு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் நிமிர்ந்து பெருக்கலாம். கம்புக்கா பஞ்சம்? நிமிர்ந்து நின்று பெருக்குவது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று ஒரு பாட்டி கேட்பாள். குனிகிறவளுக்கு யோசிக்க உரிமையில்லை, யோசிக்க உரிமையுள்ளவன் குனிவதில்லை.

மூன்றாவது தடை பயம். தப்பாகி விடுமோ, நாலு பேர் சிரிப்பார்களோ என்கிற பயம். 1953-இல் ஆஸ்பார்ன் என்கிற விளம்பரத் தொழில்காரர் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு உபாயம் உண்டு. நாலு பேர் கூடி யோசிக்கும்போது முதலில் வருகிற யோசனைகளை எல்லாம் எழுது, அப்போது எதையும் குறை சொல்லாதே, பிறகு உட்கார்ந்து தரம் பிரி என்பதே அது. எதையும் கண்டிக்க வேண்டும், எதையும் ஆராய வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்லும் நாம் இதை ஒப்புக் கொள்ளலாமா? ஒப்புக் கொள்ளலாம் என்பதே நம் அபிப்பிராயம். குறை சொல்லவே கூடாது என்றால்தான் அது மதம். சற்றுப் பொறுத்துச் சொல் என்பது முறை. நாற்று முளைக்கிற முதல் நாளே களையா பயிரா என்று பிடுங்கிப் பார்க்கிற உழவன் உண்டா?

ஆடம்ஸ் தம் கண்ணால் கண்ட ஒரு விஷயத்தையும் எழுதியிருக்கிறார். 1964-இல் செவ்வாய்க் கிரகத்துக்கு மாரினர் 4 என்ற விண்கலத்தை அமெரிக்கர் அனுப்பினார்கள். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகள் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மேலே போனதும் அவை வில் விசையால் விரிய வேண்டும். வேகமாக விரிந்தால் முறிந்து போகுமே என்று அவற்றை மெதுவாக விரியச் செய்ய ஒரு தடுப்புக் கருவி செய்யப் பெரும்பாடு பட்டார்கள். எண்ணெய் ஊற்றிய கருவி செய்தால், எண்ணெய் கசிந்தால் என்ன ஆவது என்கிற கவலை. வேறொன்று செய்தால் அதற்கு வேறொரு கவலை. கடைசியில் தடுப்பே இல்லாமல் விரிய விட்டுச் சோதித்தார்கள். பலகைக்கு ஒரு சேதமும் இல்லை! எப்படித் தடுப்பது என்றுதான் அத்தனை மூளைகளும் கேட்டன, தடுக்கத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. சந்திரனைப் பாம்பு விழுங்கினால் என்ன சாந்தி செய்வது என்று கேட்கும் நம் ஊர்க்காரனை நினைத்துக் கொண்டோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், தெரிந்ததும் கருவியைத் தூக்கி எறிந்தார்கள், வெட்கப்படாமல் புத்தகத்திலும் எழுதினார்கள்.

அமெரிக்கா என்றால் எல்லாம் நேர்த்தி என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லோரிடத்திலும் யுக்தி இருக்கிறது என்று ஆர்னால்டு ஒரு கலாசாலையில் பாடம் சொன்ன அதே ஆண்டுகளில், அந்நாட்டின் தென் மாகாணங்களில் கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம், வெள்ளையர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் என்று சட்டமே இருந்தது. 1954-இல்தான் அது செல்லாது என்று அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியது. ஆர்னால்டின் பாடம் அந்தப் பிள்ளைகள் வரை போயிருக்க வழியில்லை. மேலும் அந்தப் பாடத்தின் பெரும்பங்கு கம்பெனிகளுக்குப் புதுச் சரக்கு செய்து கொடுக்கத்தான் உதவியது.

ஆனால் இதே 1953-இல் நம் சென்னை ராஜ்யத்தில் என்ன நடந்தது? ஆச்சாரியார் முதல் மந்திரியாக இருந்து கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழிலைப் பழகுவது. குலக்கல்வித் திட்டம் என்று நம் இயக்கம் அதற்குச் சரியான பெயர் வைத்தது. தொழில் பழகுவது நல்லதுதானே என்று கேட்ட படித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தொழிலை நாம் எங்கே இழிவு சொன்னோம்? சாமானைக் கையில் தொட்டுச் செய்யாதவனுக்குச் சாமானைப் பற்றிய யோசனையும் வராது என்பதுதான் ஆர்னால்டின் பாடமும். ஆனால் அவர், கையில் கருவியைக் கொடுத்து, இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படி இருக்கலாம் என்று கேட்கச் சொன்னார். குலக்கல்வியில் குயவன் மகனுக்குச் சக்கரம் கிடைக்கும், கேள்வி கிடைக்காது. அப்பன் சுற்றியபடியே சுற்று என்பதுதான் அங்கே பாடம். புத்தகம் படிக்கிறவன் பிள்ளைக்கோ சக்கரத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. கை ஒரு ஜாதியாகவும் தலை ஒரு ஜாதியாகவும் பிரிந்து கிடந்தால் யுக்தி எங்கே பிறக்கும்? கருவியைத் தொடுகிறவனுக்குக் கேட்க உரிமையில்லை, கேட்க உரிமையுள்ளவனுக்குக் கருவி தீட்டு. இரண்டாயிரம் ஆண்டாக நம் ஏரும் தறியும் ஏறக்குறைய அப்படியே நின்றதற்கு உழவனும் நெசவாளியும் மூளையற்றவர்கள் என்பதா காரணம்? 1954-இல் காமராஜர் வந்ததும் அந்தத் திட்டம் போயிற்று. திட்டம் போயிற்றே யொழிய, எண்ணம் போய் விட்டதா என்பதை அவரவர் ஊர்ப் பட்டறையில் போய்ப் பார்க்கலாம்.

ஆர்னால்டு நீண்ட நாள் இருக்கவில்லை. 1963-இல், ஐம்பதாவது வயதில், இத்தாலிக்குப் போயிருந்த இடத்தில் இறந்து போனார். ஆனால் அவர் வைத்த பாடம் நிற்கவில்லை. ஸ்டான்போர்டில் மக்கிம் என்ற பேராசிரியர், யோசனையை வாயால் மட்டுமல்ல, கையால் படம் போட்டும் செய்யலாம் என்று வகுப்பு நடத்தி, 1972-இல் அதற்கு ஒரு புத்தகமும் எழுதினார். வெறும் வட்டங்கள் முப்பது போட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, சில நிமிஷத்துக்குள் ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு சாமானாக மாற்று என்பது அவர் வைத்த பயிற்சிகளில் ஒன்று. ஆர்னால்டு 1962-இல் அழைத்து வந்த பெர்னார்டு ராத் என்ற யந்திர மனிதச் சாஸ்திர நிபுணர், 2005-இல் அங்கே டிசைனுக்கென்று தொடங்கிய நிலையத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். வைத்தியம், சட்டம், வியாபாரம் என்று எது படிப்பவரும் அங்கே போய் உட்காரலாம்.

நமக்குப் பெரிய படிப்புக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்தது சொற்பம், மீதியெல்லாம் இதைப் போன்ற வாசகசாலைகளின் பெஞ்சியில் படித்ததுதான். ஆகையால் இவ்வளவையும் கேட்டு விட்டு எழுந்து போகாமல் ஒரு காரியம் செய்து விட்டுப் போகும்படி கேட்டுக் கொள்ளுகிறோம். வாசலில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, வயலிலோ, பட்டறையிலோ, உங்கள் கையை நோகச் செய்கிற சாமான் ஏதாவது ஒன்றின் பெயரை அதில் எழுதுங்கள். தாய்மார்கள் முதலில் எழுதட்டும், அவர்களிடத்தில்தான் பட்டியல் நீளமாக இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் தோழர்கள் எழுதிக் கொள்ளுவார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் சொற்பொழிவு இல்லை. அந்த நோட்டைப் பிரித்து வைத்துக் கொண்டு, முதல் பக்கத்திலுள்ள சாமானை நடுவில் வைத்து, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.